மாசத்துக்கு ஒரு பழைய வருஷம்: 599 ரூபாய் காலண்டரும் கி.பி. 79-ம்

இது வழக்கமான காலண்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராகு காலம், எமகண்டம், கௌரி நல்ல நேரம், அமாவாசை எதுவும் கிடையாது. பன்னிரண்டு பெரிய தாள், மாசத்துக்கு ஒன்று, ஒவ்வொரு தாளிலும் பழைய உலகத்தின் ஏதோ ஒரு வருஷம். மேலே முக்கால்வாசி இடத்தில் அந்த வருஷம் உலகத்தில் எங்கெங்கே என்ன நடந்தது என்று ஒரு வரைபடம், அதைச் சுற்றிக் கட்டம் கட்டமாகச் செய்திகள். கீழே கால்வாசியில் நம்முடைய இந்த மாசத்துத் தேதிகள். விளம்பரம் கண்ணில் பட்டது, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஆகும் என்று ஒரு சாக்கும் கிடைத்தது, வாங்கிவிட்டேன். விலை 599 ரூபாய், கூரியர் 60 தனி. தயாரித்தவர்கள் பெயரை இங்கே போடப்போவதில்லை. சின்னக் குழு மாதிரித் தெரிகிறது, இவ்வளவு உழைத்தவர்களைப் பெயர் சொல்லித் திட்ட மனசு வரவில்லை.

திட்டு இருக்கிறது. ஆனால் முதலில் பொருள் எப்படி என்று பார்ப்போம்.

அட்டைக் குழாயில் சுருட்டி அனுப்பியிருந்தார்கள். வழியில் யாரோ அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், குழாய் நசுங்கி வந்து சேர்ந்தது. மேல் தாளில் ஒரு மடிப்பு, நேராக பாபிலோன் நடுவில். தாள் நல்ல கனம், அச்சு பிரமாதம். சிவகாசி காலண்டர் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வண்ணம் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பது பார்த்தவுடனே தெரியும். இதில் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. தகரப் பட்டைக்குப் பதில் ஸ்பைரல் போட்டிருக்கிறார்கள். மாட்டுவதற்கு விட்ட ஓட்டை மிகச் சின்னது, வீட்டில் இருக்கும் எந்த ஆணியும் நுழையவில்லை. கடைசியில் கொலு பொம்மைப் பெட்டியிலிருந்து ஒரு குட்டி ஆணி கிடைத்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். "எல்லாம் சரிப்பா, ராகு காலம் எங்க போட்டிருக்கு?" என்றார். இல்லை என்றதும் பேசாமல் போய், மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரை எடுத்துவந்து அதன் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். அந்த தினசரி காலண்டரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், கதையே அங்கேதான் திரும்புகிறது.

எந்த வருஷம் எந்த மாசத்துக்கு என்பதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முக்கியச் சம்பவம் நடந்த மாசம் தெரிந்தால் அந்த மாசத்தில் அந்த வருஷம். சீசர் குத்துப்பட்டு இறந்த கி.மு. 44 மார்ச்சில், அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்த கி.மு. 323 ஜூனில். மாசம் தெரியாத வருஷங்கள் காலியாக இருந்த இடங்களில். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த தாள் கி.மு. 221. ஒரு பக்கம் சீனாவில் சின் நாட்டு அரசர் கடைசி எதிரி நாட்டையும் விழுங்கிவிட்டுத் தன்னை முதல் பேரரசர் என்று அறிவிக்கிறார். அதே வருஷம் ஸ்பெயினில், ரோமாபுரியின் எதிரியான கார்த்தேஜ் படைக்குத் தலைமை ஏற்கிறான் ஹன்னிபால், வயசு 26. ரெண்டு பேருக்கும் அப்படி ஒருத்தர் இருப்பதே தெரியாது. இதை ஒரே தாளில் பார்க்கும்போது வருகிற சிலிர்ப்புக்காகத்தான் இந்த மாதிரிப் பொருளை வாங்குகிறோம். பள்ளிப் புத்தகத்தில் சீனா ஒரு பாடம், ரோமாபுரி இன்னொரு பாடம், நடுவில் காலாண்டுத் தேர்வு. ரெண்டும் ஒரே நேரத்தில் நடந்தவை என்பதே நமக்குத் தோன்றாது.

செப்டம்பர் தாளும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். கி.பி. 9, ஜெர்மனியின் டியூட்டோபர்க் காட்டில் மூன்று ரோமானியப் படைப்பிரிவுகள் மொத்தமாக அழிந்த வருஷம். சீனாவில் அதே வருஷம் ஜனவரியில் வாங் மாங் ஹான் வம்சத்தை ஒதுக்கிவிட்டு அரியணை ஏறி, நிலமெல்லாம் அரசுடையது, அடிமையை விற்கக் கூடாது என்று சட்டம் போடுகிறார். எல்லாம் கச்சிதம். ஒன்றைத் தவிர, அதற்கு வருகிறேன்.

சரி, ஆகஸ்ட். கி.பி. 79. இந்தத் தாளுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நடுவில் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை, பாதி வெட்டிக் காட்டிய படம். காற்று தென்கிழக்காக அடித்ததால் முதல் நாள் முழுக்க பாம்பேய் நகரத்தின் மேல் நுரைக்கல் மழை கொட்டியது. மேற்கே இருந்த ஹெர்குலேனியத்தில் அப்போது பெரிதாக ஒன்றும் விழவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு மலையிலிருந்து இறங்கிய கொதிக்கும் வாயுவும் சாம்பலும் அந்த ஊரை ஒரே மூச்சில் முடித்தது. இதை ரெண்டே அம்புக்குறியில் காட்டியிருக்கிறார்கள். ஹெர்குலேனியம் கடற்கரையின் படகுக் கொட்டகைகளில் சுமார் 300 எலும்புக்கூடுகள் கிடைத்தன என்று கீழே ஒரு வரி. என் மகள் அந்த அம்புக்குறிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்போ காத்து மாறி அடிச்சிருந்தா?" என்று கேட்டாள். இதற்கே 200 ரூபாய் கொடுக்கலாம்.

ஆனால் தேதிக் கட்டத்தில் 24-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். வெடித்த நாள் ஆகஸ்ட் 24 என்று அடித்துச் சொல்கிறார்கள். இது கையெழுத்துப் பிரதிகள் வழியாக வந்த பழைய கணக்கு. 2018-ல் பாம்பேயில் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் சுவரில் கரியால் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது. அதில் இருக்கும் தேதியை நம் கணக்குக்கு மாற்றினால் அக்டோபர் 17. கரி எழுத்து சுவரில் வருஷக்கணக்கில் நிற்பது சந்தேகம் என்பதால், வெடித்தது அதற்குப் பிறகு, அநேகமாக அக்டோபர் 24 என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். மாதுளை, குளிர் காயும் அடுப்பு என்று இலையுதிர்காலத்துக்கான அடையாளங்களை அதற்கு முன்பே காட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் எல்லாரும் ஒத்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் மாசத்தை வைத்தே வருஷத்தை அடுக்கிய ஒரு காலண்டருக்கு இது எவ்வளவு பெரிய சமாச்சாரம் பாருங்கள், தாளே இடம் மாற வேண்டியிருக்கும்! ஒரு நட்சத்திரக் குறி போட்டுச் சின்ன எழுத்தில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

அடுத்தது, "கல்லாக மாறிய மனிதர்கள்" என்று ஒரு படத்துக்கு விளக்கம். அகலிகையா என்ன? சாம்பல் இறுகியது, உள்ளே உடல் மக்கிப்போனது, மனித உருவத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சியது. 1863-ல் பியோரெல்லி என்ற ஆய்வாளர் அந்த வெற்றிடத்தில் சுண்ணாம்புச் சாந்து மாதிரியான பிளாஸ்டரை ஊற்றி, அது இறுகிய பிறகு சுற்றியிருந்த சாம்பலை உடைத்து எடுத்தார். நாம் படத்தில் பார்ப்பது அந்த வார்ப்பு. உண்மை இவ்வளவு நன்றாக இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?

இப்போது என் பெரிய மனத்தாங்கல். எரிமலைக் கட்டத்தின் கடைசி வரி இப்படி முடிகிறது: "மீட்கப் போன ரோமானியக் கடற்படைத் தளபதி ஒருவரும் இறந்தார்." ஒருவராம்! அந்த ஒருவர் மூத்த பிளினி.

மிசேனம் துறைமுகத்தில் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர். எதிரே மலையின் மேல் பைன் மரம் மாதிரி ஒரு மேகம் கிளம்புவதைப் பார்த்து, கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு சின்னப் படகைத் தயார் பண்ணச் சொல்கிறார். அதற்குள் உதவி கேட்டு ஒரு பெண்மணியிடமிருந்து சீட்டு வருகிறது, பெரிய கப்பல்களைக் கிளப்பிக்கொண்டு போகிறார். கூட வருகிறாயா என்று சகோதரியின் 17 வயசு மகனிடம் கேட்டால், அவன் வீட்டுப்பாடம் இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டான்! அதனால் பிழைத்து, பின்னாளில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய ரெண்டு கடிதத்தில்தான் நமக்கு இந்தக் கதையே கிடைக்கிறது. மாமா ஸ்டேபியே என்ற ஊரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, மற்றவர்களுக்குத் தைரியம் வர வேண்டும் என்று படுத்துத் தூங்கியும்விட்டார், குறட்டை வெளியே கேட்டதாம். பிறகு கல் மழைக்குத் தலையணையைத் துணியால் தலையில் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே ஒரு துணியை விரித்துப் படுத்தவர் குளிர்ந்த தண்ணீர் கேட்டுக் குடித்தார், எழுந்தார், விழுந்தார். அவ்வளவுதான்.

இவரைப் பெயர் சொல்லாமல் விட்டதில் எனக்கு என்ன கோபம் என்றால், நான் மதுரைக்காரன். சாவதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 77-ல், பேரரசர் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸுக்கு அர்ப்பணித்து அவர் கொடுத்த 37 பகுதி இயற்கை வரலாற்றில் எங்கள் ஊர் இருக்கிறது. பாண்டியன் துறைமுகத்திலிருந்து வெகுதூரத்தில், நாட்டின் உள்ளே, மொதுரா என்ற ஊரில் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறார். முசிறிக்குப் போகாதீர்கள், பக்கத்தில் கடற்கொள்ளையர் இருக்கிறார்கள், சரக்கு ஏற்றவும் வசதியில்லை என்று கிட்டத்தட்ட நான் இப்போது எழுதுகிற மாதிரியே ஒரு விமர்சனம் எழுதி ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்! ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடங்களில் மிளகு வந்து இறங்குவது வரை குறித்திருக்கிறார். மிளகு விலைப் பட்டியலும் உண்டு: ஒரு ராத்தல் திப்பிலி 15 தினாரியஸ், வெள்ளை மிளகு 7, கறுப்பு மிளகு 4. வெறும் காரத்துக்காக இந்தியா வரை போக வேண்டுமா என்று அலுத்துக்கொள்கிறார். இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று புலம்பல் வேறு. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறியை அகநானூறு இந்தக் கரையிலிருந்து பார்த்தது, பிளினி அந்தக் கரையிலிருந்து கணக்குப் பார்த்தார்.

இவ்வளவும் கையில் இருக்க, தமிழகத்துக்கு ஒதுக்கிய கட்டத்தில் என்ன இருக்கிறது? "சங்க காலம் – மூவேந்தர் ஆட்சி" என்று ஒரு வரி, பக்கத்தில் வண்ண வண்ணமாக ஒரு கோபுரம். எங்கள் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் மாதிரியே வரைந்திருக்கிறார்கள். கி.பி. 79-ல் கோபுரம் எங்கே வந்தது? அந்த மாதிரி வானளாவிய கோபுரங்களுக்கு இன்னும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். சீனக் கட்டத்திலும் இதே கதை, பட்டு என்று ஒரு சொல், காவல் மாடங்களோடு கல்லும் செங்கல்லுமாக நெடுஞ்சுவர். சுற்றுலா விளம்பரத்தில் வரும் அந்தச் சுவர் மிங் காலத்து வேலை, அதுவும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் தள்ளி. இத்தாலிக்குக் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கு காட்டியிருந்தால் போதும், அந்த வருஷம் சீனாவில் நடந்ததைத் தேட வேண்டியதே இல்லை. லோயாங் அரண்மனையில் வெள்ளைப் புலி மண்டபத்தில் பேரரசர் ஜாங் அறிஞர்களைக் கூட்டி, பழம்பெரும் நூல்களில் யார் சொல்லும் பொருள் சரி என்று வாதம் வைத்து, தானே தீர்ப்பும் சொன்னார். அவருக்கு வயசு இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அதைத் தொகுத்தவர் பான் கூ என்று சொல்வார்கள். அவர் தம்பி பான் சாவோ அப்போது மேற்கே பாலைவனத்துக்கு அந்தப்புறம் காஷ்கர் பக்கம் படையோடு இருந்தார். அண்ணன் ஏட்டோடும் தம்பி குதிரையோடும், ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதைவிட நல்ல கட்டம் வேண்டுமா?

நியாயமாகச் சொல்ல வேண்டும், பிரிட்டன் கட்டம் அபாரம். செஸ்டர் கோட்டையில் தோண்டியெடுத்த ஈயக் குழாய் ஒன்று, அதன் மேலேயே வெஸ்பாசியன் ஒன்பதாம் முறை, டைட்டஸ் ஏழாம் முறை கான்சல் (வருஷா வருஷம் ஆள் மாறும் ரோமின் உயர்ந்த பதவி) என்று எழுத்து, கூடவே ஆளுநர் அக்ரிகோலாவின் பெயர். அந்தக் கான்சல் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் சரியாக கி.பி. 79. தண்ணீர்க் குழாய் தன் மேலேயே வருஷத்தை எழுதிக்கொண்டு வந்து நிற்கிறது. வருஷத்தைப் பற்றிய தாளில் போட வேண்டியது இந்த மாதிரிப் பொருள்தான். இதைக் கண்டுபிடித்துப் போட்டவர் யாரோ அவர் கையில் மொத்தத் தாளையும் கொடுத்திருக்க வேண்டும். பாம்பேயில் 1938-ல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலையையும் மூலையில் அழகாகப் போட்டு, தக்காணத்துக் கைவேலையாக இருக்கலாம் என்று அடக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு சாண் உயரம்தான் இருக்கும், எரிமலை வெடித்த அன்று ஒரு ரோமானியர் வீட்டில் இருந்த நம் பக்கத்துப் பொருள்.

ரோம் கட்டம் சுமார். ஜூன் 23-ம் தேதி பேரரசர் வெஸ்பாசியன் வயிற்றுப்போக்கில் இறந்தார், மகன் டைட்டஸ் பதவிக்கு வந்தார், சரி. "ஐயோ, நான் கடவுளாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறதே" என்று நோயில் கிடந்தபோது அவர் அடித்ததாகச் சொல்லும் ஜோக்கும் இருக்கிறது, அதுவும் சரி. இறந்த அரசர்களைக் கடவுளாக்கும் வழக்கத்தைத் தானே கிண்டல் பண்ணிக்கொண்ட மனுஷன். ஆனால் இந்த வெஸ்பாசியன் பிறந்தது கி.பி. 9-ல். அதாவது அடுத்த தாளில்! செப்டம்பரில் பிறந்த வருஷம், ஆகஸ்டில் இறந்த வருஷம், ரெண்டு தாளும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்குகின்றன, நடுவில் ஒரு கோடு போடத் தோன்றவில்லை. செப்டம்பர் தாளில் குறை என்று முன்னால் சொன்னது இதைத்தான். இலங்கைக்குக் கட்டமே இல்லை. அப்போது அங்கே வசபன் ஆட்சி. அவன் காலத்துப் பொன்னேடு யாழ்ப்பாணம் வல்லிபுரத்தில் கிடைத்து, நாகதீபத்தை ஆண்ட அமைச்சனின் பெயரோடு இருக்கிறது. ஒரு வரி போட இடமா இல்லை?

இப்போது அம்மாவின் தினசரி காலண்டர். ஆகஸ்ட் தாளைத் திருப்பி மாட்டிய அன்று, இந்த 79-ஐ இந்தியாவில் எப்படிக் கணக்கு வைத்திருப்பார்கள் என்று மகள் கேட்டாள். ரோமில் அது இன்னார் கான்சலாக இருந்த வருஷம், சீனாவில் ஜியான்சு நான்காம் ஆண்டு, யாருக்கும் அது 79 இல்லை என்று பெரிய ஆள் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்துக் காலண்டரின் அட்டையைக் காட்டி, "இதுல சாலிவாகன சகாப்தம்னு ஒரு நம்பர் போட்டிருக்கே, அது என்னப்பா?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். சாலிவாகன சகாப்தம் என்பது சக வருஷம்தான். சக வருஷத்தோடு 78-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். அப்படியென்றால் சக ஆண்டு 1 என்பது எது? கி.பி. 79! இந்திய அரசின் தேசியக் காலண்டர் கணக்குப்படி பின்னோக்கிப் போனால், 1-ம் ஆண்டின் முதல் நாள் கி.பி. 79 மார்ச் 22. அந்தச் சகாப்தத்தைத் தொடங்கியது கனிஷ்கரா, மேற்கே ஆண்ட சகர்களா என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது, அது வேறு கதை. வெசுவியஸ் வெடித்த வருஷமும் நம் வீட்டுப் பஞ்சாங்கம் ஒன்று என்று எண்ணுகிற வருஷமும் ஒன்றே. மளிகைக் கடை இலவசமாகக் கொடுத்த அட்டையில் இருந்த விஷயம் 599 ரூபாய்த் தாளில் இல்லை. இந்தியக் கட்டத்தில் அதற்குப் பதில் ஒரு யானைப் படம்.

இதையெல்லாம் பொறுமையாக எழுதி அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். ரெண்டு நாளில் பதில் வந்தது, மரியாதையான பதில். கோபுரத்தை மாற்றுகிறோம், தேதிக்குக் குறிப்பு சேர்க்கிறோம், பிளினி பெயரைப் போடுகிறோம், மடிப்பு விழுந்த தாளுக்கு வேறு தாள் அனுப்புகிறோம் என்றார்கள். தாள் வந்துவிட்டது, இந்தத் தடவை அட்டை வைத்துத் தட்டையாகவே அனுப்பினார்கள். மற்றவை அடுத்த பதிப்பில் தெரியும். தமிழகக் கட்டத்தில் என்ன போடுவது என்று என்னிடமே கேட்டிருந்தார்கள்; அந்த வருஷத்தில் இன்னது நடந்தது என்று உறுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் நாலு மிளகு படம் போடுங்கள் என்று எழுதினேன்.

எழுத இடமில்லாதது இன்னொரு குறை. காலண்டர் என்றால் வீட்டில் பால் கணக்கு எழுத வேண்டும், கேஸ் சிலிண்டர் வந்த தேதி குறிக்க வேண்டும். தேதிக் கட்டங்கள் தபால் தலை அளவுக்கு இருக்கின்றன. அம்மா வேறு வழியில்லாமல் சிலிண்டர் தேதியைச் சீன நெடுஞ்சுவரின் மேலே எழுதியிருக்கிறார், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

5க்கு 3 நட்சத்திரம். எரிமலைப் படத்துக்கும் ஈயக் குழாய்க்கும் கி.மு. 221-க்கும் சேர்த்து. ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வாங்கலாம், ஆனால் முழு விலை கொடுக்க வேண்டாம், பிப்ரவரிக்கு மேல் எல்லாக் காலண்டரும் விலை இறங்கும், இதற்குத்தான் நடப்பு வருஷம் முக்கியமே இல்லையே. ஆர்டர் போடும்போது தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். ஆணி சின்னதாகப் பார்த்து வாங்குங்கள்.